பதிமூன்றாம் படுக்கை

காய்கறிக்காரரின் கையை நான் பிடித்தது உண்மை. அதை வைத்துத் தெருவில் கிளம்பிய பேச்செல்லாம் சுத்தப் பொய்.

நடந்தது இவ்வளவுதான். காலை ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினேன். வீட்டில் வெங்காயம் இல்லையே என்று கடையில் நின்றேன். அவர் நிறுத்துப் பையில் போட்டு நீட்டினார். பையை வாங்க வேண்டியவள் அவர் கையைப் பிடித்துத் திருப்பி, மணிக்கட்டைப் பார்த்து, "பேர் சொல்லுங்க, வயசு சொல்லுங்க" என்றேன். மருந்து கொடுப்பதற்கு முன் நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையைப் பார்க்க வேண்டும், பேரையும் வயதையும் அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும் என்பது எங்கள் ஆஸ்பத்திரி விதி. அந்த நல்ல மனிதர் மறுபேச்சில்லாமல் சொல்லியும் விட்டார். வயதில் மட்டும் கொஞ்சம் குறைத்தார் என்று நினைக்கிறேன். இந்தக் கையில் பட்டையைக் காணோமே என்று நான் அடுத்த கையையும் பிடித்தபோதுதான், பின்னால் நின்ற பெண்மணி தொண்டையைக் கனைத்தார்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் விஷயம் வந்து சேர்ந்திருந்தது. என் கணவர் ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவர். தெருவில் பாதி வீட்டு ஃபிரிட்ஜ் அவர் கைபட்டதுதான். அதனால் தெருச் செய்தி முழுவதும் அவருக்கு வந்துவிடும். சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார்.

"எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆச்சு. ஒரு தடவை கூட நீ இப்படிக் கையைப் பிடிச்சு வயசு கேட்டதில்லையே" என்றார்.

"உங்க வயசு தலையிலயே எழுதியிருக்கு, கேட்கணுமா" என்றேன். கோபம் மூக்குக்கு மேல் நின்றது.

சிரிக்காதவள் ஒருத்திதான். என் நாத்தனார். இவருடைய ஒரே தங்கை. அண்ணனுக்கும் அவளுக்கும் இருபது வயது வித்தியாசம் என்பதால் எல்லோரும் செல்லம் கொடுத்து, 'வாலு' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அதுவே நிலைத்துவிட்டது. நர்சிங் கடைசி வருஷம். எங்கள் வீட்டில் தங்கித்தான் படிக்கிறாள். பயிற்சிக்கு இந்த முறை என் வார்டிலேயே போட்டிருந்தார்கள். நான் நடப்பது, நான் திட்டுவது, நான் ஊசியைத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது, எல்லாவற்றையும் அப்படியே நடித்துக் காட்டி இவரை உருள வைப்பவள் அவள். காய்கறிக்காரர் விஷயம் அவளுக்கு அல்வா மாதிரி கிடைத்திருக்க வேண்டும். ஆனால் அவள் பால்கனிக் கொடியில் வெள்ளைச் சீருடையை உதறிப் போட்டுக்கொண்டே, எங்கள் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பிரின்சிபாலைப் பார்க்கப் போறேன். படிப்பை விட்டுடறேன்னு சொல்லப் போறேன்."

இவருடைய சிரிப்பு பாதியில் நின்றது.

"பரீட்சைக்கு இன்னும் மூணு மாசம்தான்டி இருக்கு" என்றேன். "கரைக்கு வந்துட்டுப் படகைக் கவுக்கறியா?"

"ஆமா" என்றாள்.  சீருடையின் நான்கு மூலைக்கும் கிளிப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

என் மாமியாருக்குப் போன் போட்டோம். அவர் வேறு ஊரில் பெரிய மகளோடு இருக்கிறார். அழுவார் என்று நினைத்தேன். "அவ எட்டாவது படிக்கும்போது உன் வெள்ளை டிரெஸ்ஸைப் பார்த்துத்தான் நர்ஸாகணும்னு குதிச்சா. நீ இழுத்த இழுப்பு. நீயே முடிச்சுக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். நன்றாய்த்தான் இருக்கிறது கதை. சீருடை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனது ஒரு குற்றமா?

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தப் பெண் மேல் உயிர். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதால் மட்டும் இல்லை, அவள் அவளாக இருப்பதால். ஆனால் அதை அவளிடம் சொன்னதே கிடையாது. நான் திட்டுகிற திட்டிலேயே புரிந்துகொள்வாள் என்று விட்டுவிட்டேன். அவள் வெள்ளிக்கிழமை அந்தக் கதவைத் தட்டினால் மூன்றரை வருஷ உழைப்பு போச்சு. அதைவிட, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் போய்விடுவாள். இந்த இரண்டாவதுதான் எனக்குப் பெரிய பயம்.

வைத்தியத்தை ஆரம்பித்தேன். தினமும் காலையில் வேகவைத்த முட்டை ஒன்று, அவள் தட்டில் வைத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடுவேன். சத்து மாத்திரை. பால். பின்னாலேயே அவளும் ஓடி வந்து பஸ்ஸில் ஏறியதும் பேச்சு வைத்தியம். நாங்கள் படித்த காலத்தில் எத்தனை படுக்கை, எத்தனை பேஷண்ட், எப்படி நின்றோம், எப்படி ஓடினோம் என்று இறங்கும்வரை சொல்வேன். அவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். முட்டைக்குப் பலன் எதுவும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பூனைதான் நாளுக்கு நாள் குண்டாகிக்கொண்டு வந்தது. அதை நான் கவனித்தேன், என் கண் அப்படி.

எங்கள் வார்டு, பெண்களுக்கான எலும்பு வார்டு. பன்னிரண்டு படுக்கை. பெரிய ஜன்னல்கள். ஒரு சக்கரம் மட்டும் கீச்சிடுகிற மருந்து வண்டி. அது வருகிற சத்தம் கேட்டதும் தூங்குகிறவர்கள்கூட வாயைத் திறந்துவிடுவார்கள். மூன்று நர்ஸ்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக. மிச்சம் இருப்பவர்கள் தலையில் எல்லாம் விழுந்தது. காலையில் ஆயா எனக்கு டீ கொண்டு வந்து ஜன்னல் விளிம்பில் வைப்பார். "இதோ வரேன்" என்பேன். இரண்டாவது டீ வரும்போது முதல் டீ மேல் ஏடு படிந்திருக்கும். போகிற போக்கில் ஒரு வாய் குடித்தால் உண்டு.

நாலாம் படுக்கையில் ஒரு அம்மா. தொடை எலும்பு முறிந்து, காலைத் தூக்கிக் கட்டி, எடை தொங்கவிட்டுப் படுத்திருந்தார். அழைப்பு மணியின் பொத்தான் எப்போதும் அவர் உள்ளங்கையில்தான். எதிரே சுவரில் கடிகாரம் இருக்கும், பெல் அடித்து மணி கேட்பார். வாலு அவருக்குப் 'பெல் அம்மா' என்று பேர் வைத்திருந்தாள். அவர் எனக்கு வைத்த பேர் 'சிடுமூஞ்சி சிஸ்டர்'. காதில் விழுந்தது. ஒரு நாள் வாலு மறந்துபோய் வார்டில் என்னை "அண்ணி" என்று கூப்பிட்டுவிட, அன்றிலிருந்து பன்னிரண்டு படுக்கைக்கும் நான் அண்ணி. பெல் அம்மாவுக்கு என் அம்மா வயது. அவருக்கும் அண்ணி.

அடுத்த வாரம் புதன்கிழமை மதியம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நர்ஸ்களுக்கு மன அழுத்தம் அதிகமாகி வேலையை விட்டு ஓடுகிறார்களாம். அதனால் ஷிஃப்ட் முடிந்ததும் யாரும் வீட்டுக்குப் போகாமல் கூட்ட அறைக்கு வர வேண்டும், மன அழுத்தத்தைக் குறைக்கப் பயிற்சி உண்டு. போன மூன்று பேருக்குப் பதிலாக ஒரு நர்ஸைக்கூடப் போடவில்லை, ஒரு பயிற்சியாளரைப் போட்டார்கள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் வாலுவுக்கு ஏதாவது பலன் இருக்கட்டும் என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

பூப்போட்ட சட்டை போட்ட மனிதர். முகத்தில் ஓயாத சிரிப்பு. ஆளுக்கொரு பலூன் கொடுத்தார். கவலையை எல்லாம் அதற்குள் ஊதி, ஒரே நேரத்தில் உடைக்கச் சொன்னார். உடைத்தோம். அந்தச் சத்தத்தில், யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று அவசர மருந்து வண்டியைத் தேடி நான்கு பேர் வாசலுக்கு ஓடினார்கள். அவர்களைத் திரும்ப அழைத்து வந்து உட்கார வைத்தார்கள்.

"சரி, இப்ப எல்லாரும் கண்ணை மூடுங்க" என்றார். "கடற்கரையில படுத்திருக்கீங்க. அலை வருது. போகுது."

மூன்றாவது அலை வருவதற்குள் அறையில் குறட்டை கேட்டது. பிறகு இன்னொரு குறட்டை. எத்தனையோ இடத்தில் இந்தப் பயிற்சி கொடுத்திருக்கிறேன், இவ்வளவு ஆழமாகப் போனவர்களைப் பார்த்ததில்லை என்று அவர் யாரிடமோ மெல்லச் சொன்னது எனக்குத் தூக்கத்தில் கேட்டது. அந்த நேரம் பார்த்து அவருடைய போன் கீ, கீ, கீ என்றது. அச்சு அசல் டிரிப் மெஷினில் மருந்து தீர்ந்தால் வருகிற சத்தம். அத்தனை நர்ஸ்களும் கண்ணைத் திறக்காமலே எழுந்து, மெஷினை அணைக்கக் கையை நீட்டிக்கொண்டு நடந்தோம். நான் கண் விழித்தபோது ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டரின் காதைத் திருகிக்கொண்டிருந்தேன். அவர் என் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் சுவரோடு சுவராக நின்றார், முகத்தில் அந்தச் சிரிப்பைக் காணோம்.

வாலு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து சரிந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாடா, பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லத் தூண்டில் போட்டேன். "அப்ப வெள்ளிக்கிழமை போக மாட்டேல்ல?"

சிரிப்பு அப்படியே வடிந்தது. "போவேன் அண்ணி."

"வேலை பயமா இருக்கா?"

"வேலையில பயமில்லை. எனக்குப் பிடிச்சிருக்கு." ஜன்னல் கம்பியை நகத்தால் சுரண்டினாள். "இன்னும் பத்து வருஷத்துல நான் என்னவா ஆவேன்னு பார்த்துட்டேன். அதான் பயமா இருக்கு."

"என்னவா ஆவே?"

 என்னைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை ஒரு முறை. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாயால் சொல்லியிருந்தால் நாலு கேள்வி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டிருப்பேன். பார்வைக்கு என்ன பதில் சொல்வது? வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் போய் உட்கார்ந்தோம்.  இவர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டைத் தட்டில் போட்டு ஆளுக்கொரு மூலையில் கொண்டுவந்து கொடுத்தார். நான் இத்தனை வருஷம் ஓடியாடிச் செய்த வேலையை ஒரு பெண் அப்படிப் பார்த்துவிட்டாளே என்று மனது ஆறவில்லை.

வியாழக்கிழமை வார்டில் தலைக்கு மேல் வேலை. ஒரு சிஸ்டர் வரவில்லை. இரண்டு ஆபரேஷன், ஒரு புது கேஸ். மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும். அப்போது போகிறவர் வருகிறவரை ஒவ்வொரு படுக்கையாக அழைத்துப் போய், நோயாளியின் நிலவரத்தைச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். ஹேண்டோவர் என்போம். பீற்றிக்கொள்வதாக நினைக்க வேண்டாம், ஹேண்டோவரில் என்னை அடிக்க ஆள் கிடையாது. யார் என்ன சாப்பிட்டார்கள், யார் எத்தனை தடவை புரண்டார்கள், யாருடைய மருமகள் வந்துவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள் என்பதுவரை ஒன்று விடாமல் சொல்வேன். நான் சொன்ன பிறகு கேட்க எதுவும் இருக்காது.

அன்று வாலு ஹேண்டோவர் கொடுக்க வேண்டிய நாள். மாணவிகளுக்கு அதற்கு மதிப்பெண் உண்டு. அதைப் பார்க்க, எங்களுக்கெல்லாம் மேலே இருக்கிற பெரிய சிஸ்டர் வந்து நின்றார். அதிகம் பேசாதவர். அவர் கண்ணாடியைத் துடைத்தாலே மாணவிகளுக்குப் பாதி பேஷண்ட் பேர் மறந்துபோகும்.

வாலுவுக்கு எதுவும் மறக்கவில்லை. முதல் படுக்கையிலிருந்து தெளிவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். நாலாவதில் நின்று, "வலி குறைஞ்சிருக்கு. பெல் அடிக்கிற விரல்ல நல்ல பலம்" என்றபோது பெல் அம்மாவே தலையாட்டினார். பன்னிரண்டும் முடிந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. இவ்வளவு நன்றாகச் செய்கிறவள் நாளைக்கு விட்டுவிட்டுப் போகிறாளே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. கால் கடுக்க நின்றவள், சுவர் ஓரமாய் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

வாலு முடிக்கவில்லை. நேராக நடந்து வந்து என் எதிரில் நின்றாள். அதே குரலில் சொன்னாள்.

"பதிமூணாம் பெட்."

"பன்னெண்டுதானே இருக்கு" என்றார் மதிய ஷிஃப்ட் சிஸ்டர்.

பெரிய சிஸ்டர் கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். வாலு தொடர்ந்தாள்.

"பெண். வயசு முப்பத்தெட்டு."

"முப்பத்தேழு" என்றேன்.

"ஹேண்டோவர் நடுவுல பேஷண்ட் பேசக் கூடாது" என்றார் பெரிய சிஸ்டர்.

"முக்கியமான தொந்தரவு, எரிச்சல். ஏன்னு கேட்டா அதுக்கும் எரிச்சல். காலையிலேர்ந்து உள்ளே போனது ரெண்டு வாய் ஆறின டீ. வெளியே எதுவும் போகலை, பாத்ரூம் இருக்கிற பக்கமே போகலை. உக்கார்ந்தது இப்பத்தான். வார்டுல இருக்கிற எல்லாரையும் நல்லாப் பார்த்துக்கறாங்க. வீட்டு ஆளுங்களை அடையாளம் தெரியுது, ஆனா பேச்சு கம்மி. போன வாரம் காய்கறிக்காரர் கையில பட்டை தேடினாங்க. நேத்து ஒருத்தர் காதைத் திருகினாங்க."

வார்டே சிரித்தது. பெல் அம்மா சிரித்த சிரிப்பில் அவர் காலில் தொங்கிய எடை ஆடியது. எனக்குக் காது மடல்வரை சூடாகிவிட்டது. எழுந்து இரண்டு அறை வைக்கலாமா என்றுகூடத் தோன்றியது.

"போன வருஷம் வரைக்கும் குளிக்கும்போது பாடுவாங்க" என்றாள் வாலு. இப்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "சுருதியே சேராது. ஆனா பாடுவாங்க. இப்பப் பாடறதில்லை. எப்ப நிறுத்தினாங்கன்னு யாருமே கவனிக்கலை. நானும் கவனிக்கலை."

சிரிப்பு அடங்கியது. எனக்கே அது தெரியாது. நான் பாடுவதை நிறுத்திவிட்டேனா?

மதிய ஷிஃப்ட் சிஸ்டர் பழக்க தோஷத்தில், ஒவ்வொரு படுக்கையிலும் கடைசியாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "கூட யார் இருக்கா?"

"நான்தான்" என்றாள் வாலு. "நாளைக்கு வரைக்கும்."

 பெரிய சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பொண்ணு நல்லாச் சொன்னா. சரி, இந்தப் பொண்ணுக்கு யார் ரிப்போர்ட் சொல்றது? ஒரே வீடு, ஒரே வார்டு. நீயே சொல்லு."

எழுந்து நின்றேன். ஹேண்டோவர்தானே, எனக்கா தெரியாது?

"பெண். வயசு இருபத்தொண்ணு" என்றேன்.

அதற்கு மேல் வரவில்லை. காலையில் முட்டை வைத்தேன், சாப்பிட்டாளா? நான் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். தூங்கினாளா? அவள் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் ஒரே சுவர். கண் ஓரத்தில் கருமை இருக்கிறது, எப்போதிலிருந்து? எங்கே வலிக்கிறது? ஏழாம் படுக்கைக்கு வயிறு எத்தனை நாளாகச் சரியில்லை என்பதும் தெரியும், அதற்கான காரணமும் தெரியும். இவளைப் பற்றி எனக்கு ஒரு வரி தெரியவில்லை. எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியலை" என்றேன். என் சர்வீஸில் ஹேண்டோவரில் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. 

தெரியாதபோது என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் தெரியும். அவள் தோளைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். எதிரில் குனிந்தேன். தினமும் பன்னிரண்டு பேரிடம் கேட்பதை, இவளிடம் ஒரு தடவைகூடக் கேட்காததைக் கேட்டேன்.

"என்னம்மா பண்ணுது?"

அவள் என்னையே பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். பிறகு குழந்தை மாதிரி முகம் கோணியது.

"ஒன்பதாம் பெட்ல இருந்தாங்களே ஒரு பெரியம்மா, இடுப்பெலும்பு உடைஞ்சு வந்தாங்களே. அவங்க உயிர் போனப்ப என் கையைத்தான் பிடிச்சிருந்தாங்க, அண்ணி. நான் கையை எடுக்கறதுக்குள்ள நீங்க, 'புது கேஸ் வருது, படுக்கையை மாத்தி விரி'ன்னு சொன்னீங்க. விரிச்சேன். ஒரு மடிப்பு இல்லாம விரிச்சேன். நீங்க பார்த்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னீங்க."

எனக்கு நினைவிருந்தது. மடிப்பில்லாத அந்த விரிப்புதான் நினைவிருந்தது. அன்று வீட்டுக்குப் போகிற வழியில் சோப்பு வாங்கினேன், அதுவும் நினைவிருந்தது. அவள் முகம் எப்படி இருந்தது என்பது மட்டும் நினைவில் இல்லை.

"அன்னிலேர்ந்து கண்ணை மூடினா அந்தக் கை வருது" என்றாள். "உங்களுக்கு அப்படி வராதா? வராம போயிடுமா? வராம போனாலும் பயமா இருக்கு, வந்தாலும் பயமா இருக்கு."

"வரும்டி" என்றேன். "நான் விரிச்ச படுக்கைக்குக் கணக்கே இல்லை. யாரும் கேட்கலை, நானும் சொல்லலை. அப்புறம் டீ குடிக்க மறந்தேன், அப்புறம் பாட மறந்தேன் போல." சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கும் கண்ணில் நீர் இறங்கிவிட்டது. வார்டு நடுவில் இரண்டு நர்ஸ்கள் ஒரு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு அழுதால் நோயாளிகள் என்ன நினைப்பார்கள் என்ற யோசனையே எனக்கு வரவில்லை.

பெல் அடித்தது. எல்லோரும் நாலாம் படுக்கைப் பக்கம் திரும்பினோம்.

"மணி கேட்கக் கூப்பிடலை" என்றார் பெல் அம்மா. "அண்ணிக்கும் அந்தப் பொண்ணுக்கும் யாராவது சூடா டீ குடுங்களேன். எனக்கு எழுந்திருக்க முடியலை."

மதிய ஷிஃப்ட் சிஸ்டர் போய் இரண்டு டம்ளர் கொண்டு வந்தார். பெரிய சிஸ்டர் வாசல்வரை போய்த் திரும்பினார். "நாளையிலேர்ந்து ஹேண்டோவர் பன்னெண்டோட முடியாது. கூட வேலை செஞ்சவங்க ஒருத்தருக்கொருத்தர் ரிப்போர்ட் சொல்லணும். சாப்பிடாதவங்க, உக்காராதவங்க, அழாம அடக்கி வச்சிருக்கிறவங்க யாருன்னு எனக்குத் தெரியணும்" என்றார். "நான் மேலே போய் ஆள் கேட்கறேன். இன்னொரு பலூன்காரரை அனுப்பினா அவரை வார்டுல டியூட்டி பார்க்க வைக்கறேன்." சொன்ன சொல் தவறாமல் அன்றே மேலே போனார். மூன்று பேரைக் கேட்டதற்கு ஒருத்தியைப் போட்டார்கள், அவளும் பாதி நாள் வேறு வார்டுக்கு. அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

அன்று மாலை வீட்டில் வாலு நிறையப் பேசினாள். நான் திட்டாமல் கேட்டேன், அது எவ்வளவு கஷ்டம் என்று திட்டுகிறவர்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போகாதே என்று சொல்ல வாய் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இவளைப் பார்க்காமல் இருந்துவிட்டு, இப்போது கட்டிப்போட எனக்கு என்ன உரிமை?

வெள்ளிக்கிழமை காலை அவள் கல்லூரிக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாள். நான் ஆஸ்பத்திரிப் பஸ்ஸில் ஏறினேன். வார்டில் என் கை வேலை செய்தது, மனது பிரின்சிபால் அறை வாசலில் நின்றது. டீ வந்ததும் பெல் அடித்தது. "அண்ணி, டீ" என்றார் பெல் அம்மா. "இதோ வரேன்" என்றேன். மறுபடி பெல். விரல் பலம் சும்மாவா? நான் உட்கார்ந்து டம்ளரை வாயில் வைக்கும்வரை அவர் பொத்தானை விடவில்லை. பல வருஷமாக ஆறிப்போன டீயைக் குடித்துப் பழகியவள், அதே மாதிரி ஒரே மடக்காக வாயில் ஊற்றிவிட்டேன். நாக்கு வெந்துவிட்டது.

இரண்டு மணிக்கு வாலு சீருடையோடு வந்தாள். "பிரின்சிபால்கிட்ட என்னடி சொன்னே?" என்று காதோடு கேட்டேன். "ஹேண்டோவர் நேரத்துல பேசக் கூடாது, சிஸ்டர்" என்றாள்.  காலையில் வார்டில் இல்லாதவள் ஆயாவிடமும் நாலாம் படுக்கையிலும் விசாரித்துக்கொண்டு, நேராக என் எதிரில் வந்து நின்றாள்.

"பதிமூணாம் பெட். உள்ளே போனது ஒரு முழு டம்ளர் டீ. நாக்குல சூட்டுக் காயம், பயப்பட ஒண்ணும் இல்லை. பாத்ரூம் ஒரு தடவை போனாங்க, பாட்டு இன்னும் வரலை."

"கூட யார் இருக்கா?" என்று கேட்டார் மதிய ஷிஃப்ட் சிஸ்டர்.

"நான்தான்."

நேற்று மாதிரி 'வரைக்கும்' என்று முடிப்பாளோ என்று அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.  அவள் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த வார்த்தை வரவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். இப்போது என் முறை.

"பதினாலாம் பெட்" என்றேன். "பெண், இருபத்தொண்ணு. நேத்து ராத்திரி அழுதா, அப்புறம் தூங்கினா, ஒரு தடவை எழுந்தா, நான் போய்ப் பக்கத்துல உக்கார்ந்ததும் மறுபடி தூங்கிட்டா. காலையில வச்ச முட்டையை ஜன்னல் வழியா பக்கத்து வீட்டுப் பூனைக்குப் போட்டா. பூனை ஏன் குண்டாகுதுன்னு இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சேன். நாளையிலேர்ந்து முட்டை கிடையாது, என்ன வேணும்னு அவளையே கேட்கணும்."

வாலு சிரித்தாள். பெல் அம்மா பெல்லை அழுத்தினார்.

"பதினாலாம் பெட்டுக்குக் கூட யார் இருக்கான்னு யாரும் கேட்கலையே" என்றார்.